ஐந்தாவது நிபந்தனை

1

காலையில் எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, லயத்து வீட்டு வாசலைக் கூட்டி, குளித்து, நேற்றைய சட்டையையே போட்டுக்கொண்டு பொன்ராஜ் எஸ்டேட் ஆபீசுக்கு இறங்கினான்.

முதலில் ‘நான்’ என்றுதான் இதை எழுதினான். ‘நான் எழுந்து’ என்பதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. அடித்துவிட்டுப் ‘பொன்ராஜ்’ என்று போட்டதும் அந்த ஆள் எழுந்து தண்ணீர் வைத்தான். ஆகவே வாசகரே, எழுதுகிறவனும் எழுதப்படுகிறவனும் ஒரே ஆள்தான். கதை பிறந்தது ஒரு சிவப்புப் பெட்டியிலிருந்து.

2

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு டேப்லெட் கணினி உண்டு. கொழுந்தெடுப்பவர்கள் அதில் தங்கள் நம்பரை அடிக்க வேண்டும். தப்பான நம்பர் நுழையாதிருக்க எக்செல்லில் சூத்திரம் எழுதியவன் பொன்ராஜ். மொத்தம் ஏழு இடமா? முதல் இரண்டும் LD-யா? அடுத்தது சிறுகோடா? மிச்சம் நான்கும் இலக்கமா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் நம்பர் ஏறும். ஒன்று பிசகினாலும் திரையில் சிவப்புப் பெட்டி.

முதலில் சோதித்துப் பார்த்தவள் அவன் மனைவி செல்வலட்சுமி. அவள் நம்பர் LD-0317. வேண்டுமென்றே நம்பருக்குப் பதில் ‘பொன்ராஜ்’ என்று அடித்தாள். ‘தவறான பதிவு’ என்று வந்தது.

“ஒங்களையே வேணாங்குதே!” சிரித்தாள். “ஆனா இப்பிடி வெரட்டக் கூடாதுங்க. களைச்சுப்போயி வாரவுககிட்ட நயமாச் சொல்லணும்.”

அவள் சொல்லச் சொல்ல மாற்றி அடித்தான்: ‘நம்பர் சரியில்லக்கா, நிதானமா இன்னொருக்கா அடிங்க.’*

(* இந்த இடத்தில் அவள் முகத்தை வருணித்து ஒரு பத்தி இருந்தது. வேறு யாரோ போல இருந்தாள். எடுத்தாயிற்று.)

3

மாசி மாதத்துக் காய்ச்சலில் அவள் –

அது அப்படியே நிற்கட்டும். இறந்துபோனாள்.

அந்தத் தோட்டத்தில் நம்பரைச் சும்மா கிடக்க விடுவதில்லை. ஒருவர் போனால் அடுத்துக் காத்திருப்பவருக்கு அது போகும். நம்பர் இருந்தால்தான் வேலை நிரந்தரம். LD-0317 ராமுத்தாய்க்கு என்று முடிவானது. பக்கத்து வீட்டுக்காரி. வருஷக்கணக்காகத் தற்காலிகம்.

அன்று பொன்ராஜ் சூத்திரத்தில் ஐந்தாவதாக ஒரு நிபந்தனை சேர்த்தான்: அது 0317 ஆக இருக்கக் கூடாது.

4

ராமுத்தாய் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றாள்.

“தம்பி, பெட்டி என்னைய மட்டும் தள்ளுது. குளிக்காம வந்தது அதுக்கும் தெரிஞ்சுபோச்சோ?”

“பாக்கேன்க்கா.”

“வெள்ளிக்கெழமைக்குள்ள ஏறலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவோம்ங்காக.” போகத் திரும்பியவள் நின்றாள். “ஒண்ணு தம்பி. திட்டுனாலும் செல்வி மாதிரியே திட்டுது. அதுக்காகவே ரெண்டு தடவ கூட அடிச்சுப் பாத்தேன்.”

5

முடிவு ஒன்று: அவன் நிபந்தனையை அழிக்கிறான். (ரொம்ப நல்லவனாகிவிடுகிறான். நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: அழிக்காமல் விடுகிறான். வெள்ளிக்கிழமை கடக்கிறது. ராமுத்தாய் இன்னும் –

முடிவு மூன்று: சாவதற்கு முன் செல்வலட்சுமி அவன் கையைப் பிடித்து, “என் நம்பர அக்காவுக்கே குடுத்திருங்க” என்கிறாள். கதைக்கு வசதி. அவள் அப்படிச் சொல்லவில்லை.

இன்று வியாழன். கர்சர் ஐந்தாவது நிபந்தனையின் ஓரத்தில் மினுங்குகிறது. முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அதற்கு முன் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறான்.

பீர்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஜீப்பில், முதல் வளைவில் ராமுத்தாய் ஓடிவந்து ஏறினாள். உட்கார இடமில்லை. அவன் மடியில் தலைவைத்திருந்த செல்வலட்சுமி, கண்ணைத் திறக்காமல் அவன் முழங்காலைத் தட்டி ஒன்று சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

“கொஞ்சம் நவுந்து உக்காருங்க. அக்காவும் உக்காரட்டும்.”