எல்லாருக்கும் ஒரே கோட்டு

கோட்டைக் கையில் வாங்கியதுமே சுபலட்சுமி முகத்தைச் சுளித்தாள். காலையிலிருந்து முப்பது பேர் மாட்டிக் கழற்றியது. அக்குளில் ஈரம், காலரில் யாரோ அப்பிய பவுடர். திருமங்கலத்துக்கு வெளியே நான்குவழிச் சாலையோரம் இருந்த அந்தக் கல்லூரியில், படித்து முடித்து வேலை கிடைக்காதவர்களை எல்லாம் வேலை கிடைத்தவர்களாகப் படம் எடுக்கும் நாள் அது.

"மூஞ்சியச் சுளிக்காதம்மா," என்றார் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் அழகுமலை சார். "இது ஏஐ காலம். உலகம் எம்புட்டு வேகமா மாறுது! அதுக்குத் தக்கன உங்களத் தயார் பண்ணியிருக்கோம்ல."

தயார் செய்த அழகு அவளுக்குத் தெரியும். மூன்று வருஷமும் கம்ப்யூட்டர் லேப் பூட்டிக் கிடந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் திறந்து ஊதுபத்தி கொளுத்துவார்கள். கடைசி செமஸ்டரில் டை கட்டிய ஒருவர் வந்து, கைகுலுக்குவது எப்படி என்று ரெண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். சொத்தைக் கத்தரிக்காயை அடியில் தள்ளி, நல்லதாய் நாலை மேலே அடுக்கும் வித்தை மாட்டுத்தாவணியில் காய்கறிக் கடை போட்டிருக்கும் அவள் அப்பாவுக்கும் தெரியும்தான். ஆனால் அவர் கூடையைக் கவிழ்த்துப் பார்க்க விடுவார்.

"மொதல்ல என் சர்டிபிகேட்டக் குடுங்க சார். நாளைக்குக் கப்பலூர் குடோன்ல இன்டர்வியூ. ஒரிஜினல் இல்லாம வராதன்னுட்டாங்க."

"போட்டோவுக்கு நில்லு, கையோட தாரேன்."

"ஒரு கையில நீங்க குடுங்க, மறு கையில நான் கோட்ட மாட்டுறேன்."

"எங்கிட்டயே யாவாரமா?" என்று சிரித்தார். சர்டிபிகேட் இருந்த கவரை மட்டும் விடவில்லை.

மாட்டினாள். ஆஃபர் லெட்டர் என்று ஒரு வெற்றுத்தாளைக் கையில் திணித்தார்கள். படம் எடுத்து முடித்தபோது, மகளைச் சேர்க்க வந்த ஒருவர் அவள் எதிரே நின்றிருந்தார்.

"ஏந்தாயி, ஒனக்கு வேல கெடச்சிருச்சாம்ல? திருவாதவூர்லருந்து வாரோம். ரெண்டு கறவ மாட்டையும் வித்துட்டு வந்திருக்கேன். நல்ல காலேஜுதானா?"

அழகுமலை சார் கவரால் விசிறிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"நல்ல காலேஜுதாண்ணே," என்றாள். பிறத்தியார் வேர்வை நாக்கில் பட்டது போலிருந்தது.

"அம்புட்டுத்தான், இந்தப் புள்ள சொன்னாப் போதும்." மகளை இழுத்துக்கொண்டு அவர் வராந்தாவில் பணம் கட்டும் வரிசைக்குப் போனார். அந்தப் பெண் மட்டும் திரும்பித் திரும்பிக் கோட்டைப் பார்த்தது.

கோட்டைக் கழற்றி எறிந்தாள். கவர் கைக்கு வந்தது. கேட்டைத் தாண்டியதும் மாட்டுத்தாவணி பஸ் வந்து நின்றது.

"ஏறும்மா, வாரியா இல்லையா?" என்றார் கண்டக்டர்.

ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் பணம் கட்டும் கவுண்டரிலிருந்து ஒருவர் ரசீதோடு விலகினார். திருவாதவூர்க்காரருக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் நின்றார்.