சீட்டக்காவின் வருமானம்

உங்கள் பெயரில் இருக்கிற பணமெல்லாம் உங்களுடையதுதானா? தெருவில் நிறுத்தி யாராவது இப்படிக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வரி அலுவலகம் கேட்டால் சிரிக்க முடியாது. சீட்டக்காவிடம் வரி அலுவலகம்தான் கேட்டிருந்தது.

செல்போன் பழுது பார்க்கும் கடையின் பின்பக்கம், உடைந்த திரைகளைப் போட்டு வைத்த பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை கிடந்தது. மற்ற நாளெல்லாம் பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். எல்லோரும் அவரை ஃபாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் பெண்டாட்டிகூடச் சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அந்த வருஷம் விதிகள் மாறியிருந்ததால் கடை வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். முன்பு சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதினால் போதும். இப்போது வங்கியே எல்லாவற்றையும் வரி அலுவலகத்துக்குச் சொல்லிவிடுகிறது. படிவம் பாதி நிரம்பித்தான் வருகிறது.

சீட்டக்காவின் படிவத்தைத் திறந்த ஃபாரம், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவளுக்கு டாக்டர் வருமானம் வந்திருந்தது.

"என்னக்கா, யாருக்கும் சொல்லாம ஆஸ்பத்திரியையே வாங்கிட்டீங்களா?"

"வாங்கியிருந்தா மொதல்ல அந்த ரெண்டாம் மாடி லிஃப்டச் சரி பண்ணியிருப்பேன்" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு இல்லை.

கேட்கக் கேட்கத்தான் விஷயம் பிடிபட்டது. துடைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், சமையலறைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து அவள் பல வருஷமாகச் சீட்டு நடத்தி வந்தாள். நடத்துகிறவருக்குத்தான் முதல் சீட்டு என்பது வழக்கம். அவளோ எல்லோரும் எடுத்த பிறகு கடைசியாக எடுப்பாள். முன்பு சம்பளத்தன்று உடை மாற்றும் அறையில் கைக்குக் கை பணம் மாறும். இப்போது எல்லாம் போனில்தான். பணம் அனுப்பும்போது எதற்காக என்று போன் கேட்கும். பதில்கள் வரிசையாக இருக்கும். மேலே முதலில் இருந்தது 'வேலைக்கான கூலி'. டீ குடிக்கிற நேரத்தில், ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, எல்லோரும் முதலில் இருந்ததையே அழுத்தியிருந்தார்கள். வருஷம் முழுக்க அத்தனை பேரும் சீட்டக்காவுக்குக் கூலி கொடுத்துவந்ததாகப் பதிவாகியிருந்தது.

ஃபாரம் வழி சொன்னார். ஒவ்வொருவரும் அது சீட்டுப் பணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவ்வளவும் கழிந்துவிடும். கழியாமல் போனால் அரசாங்கம் தருகிற வாடகை உதவி போய்விடும் என்றும் சொன்னார். பழைய விதியில் வருமானம் எல்லையைத் தாண்டினால் உதவி கொஞ்சம் குறையும். புது விதியில் ஒரு காசு தாண்டினாலும் மொத்தமும் நின்றுவிடும். இரண்டு மகள்களோடு அவள் இருக்கிற ஒற்றை அறைக்கு அந்த உதவி இல்லாமல் அவளால் வாடகை கட்ட முடியாது.

அடுத்த ஞாயிறு அவள் காகிதங்களோடு வந்தாள். சிலதில் சோப்பு நுரை காய்ந்து திட்டாக இருந்தது. ஃபாரம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணு குறையுதேக்கா. அது இல்லாம எல்லையத் தாண்டுது."

"அது வராது தம்பி."

ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவளுடையது அது. கையெழுத்துப் போட்டால் அவள் கோப்பிலும் அந்தத் தொகை சேமிப்பு என்று ஏறும். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கோப்பு. அதைத் திறந்து பார்ப்பவன் புருஷன். சீட்டுக் கட்டுவதே அவனுக்குத் தெரியாது. மகளை நர்ஸ் படிப்பில் சேர்க்க அவள் ஒளித்து ஒளித்துச் சேர்க்கிற பணம். அவன் கண்ணில் பட்டால் ஒரு வாரம் தாங்காது.

ஃபாரம் குரலைத் தாழ்த்தினார். அந்தத் தொகையை மற்றவர்களின் காகிதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டுவிடலாமே என்றார்.

"வேணாம். அவங்கவங்க சரியான கணக்கத்தான் எழுதியிருக்காங்க. அதுல நாம கைய வச்சா, நாளைக்கு அவங்களயில்ல கூப்பிட்டுக் கேப்பாங்க?"

அந்த நேரம் பாத்திரக்காரியே வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ, வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். முன்துணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பேனா கேட்டு மேசையில் கையை நீட்டினாள்.

"நான் போட்டுத் தர்றேங்க்கா. வர்றது வரட்டும்."

"வந்தா அடி உனக்கு. படிப்பு போறது உன் மகளுக்கு. அத யாரு தாங்குறது?"

நீட்டிய கையை அவள் எடுக்கவில்லை. மணிக்கட்டில் பழைய காயம் ஒன்று வெளுத்துத் தெரிந்தது. ஃபாரம் வேறு பக்கம் பார்த்தார்.

"போடி. பாத்திரம் குவிஞ்சு கெடக்கும். சமையல் மேஸ்திரி வந்தா உன்ன மட்டுமில்ல, என்னையும் சேத்துத் திட்டுவான்" என்று சீட்டக்கா அவள் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பினாள்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்த ஒண்ணு என் வருமானமாவே இருக்கட்டும். அனுப்புங்க தம்பி."

ஃபாரத்தின் விரல் பொத்தான் மேல் நின்றது. குறைத்துக் காட்டச் சொல்லித்தான் எல்லோரும் அவரிடம் வருவார்கள். ரசீது இல்லாத செலவு, பிறக்காத பிள்ளை என்று அவர் கேட்காத கதை இல்லை. அடுத்தவள் பணத்தைத் தன் வருமானம் என்று எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் அந்த மேசைக்கு வந்ததில்லை. அவர் எழுந்து நின்று அனுப்பினார். உட்கார்ந்துகொண்டு அதைச் செய்ய அவருக்கு மனசு வரவில்லை.

கூலி வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

"சும்மா செஞ்சு குடுத்தா அடுத்த வருஷம் இங்க வர எனக்குக் கூச்சமா இருக்கும்" என்று மேசையில் பணத்தை வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களுக்கு வழிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை படிவம் ஏற்கப்பட்டதாக அவள் போனுக்குச் செய்தி வந்தது. வாடகை உதவி இந்த மாதத்திலிருந்து கிடையாது என்று அடுத்த செய்தி வந்தது. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மேற்பார்வையாளரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கும் தன் பெயரைப் போடச் சொன்னாள். அவர் போட்டார். டீ நேரத்தில் பாத்திரக்காரியின் அந்த மாதச் சீட்டுப் பணம் வந்து சேர்ந்தது. வங்கி அதைக் கூலி என்று பதிந்துகொண்டது.