தட்டி கட்டியவள்

காலை ஆறு மணிக்கே தெயோனி ஏணியில் நின்று நாணல் தட்டியைக் கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தாள். தட்டிக்குப் பின்னால், மணல்மேட்டின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது ஓட்டல். தாழ்வான முப்பது அறைகள். பாதி ஏற்கெனவே மறைந்துவிட்டது.

"யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணே இந்த ஜோடனை?" என்றாள் கீழே நின்ற பந்தெலிஸிடம். அவன் நகராட்சி மேஸ்திரி, இன்றைக்கு அவளைக் கூலிக்குக் கூப்பிட்டவன், அவள் மகளுக்கு ஞானத்தகப்பன்.

"பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து ஐரோப்பிய யூனியன் ஆளுங்க சோதனைக்கு வர்றாங்க தங்கச்சி. ஆமை முட்டை போடுற கரையில கட்டடம் நிக்கக் கூடாதாம். நின்னா அரசாங்கம் தினமும் அபராதம் கட்டணும்."

"அப்ப இடிச்சுட வேண்டியதுதானே?"

"இதையா? யாரோட ஓட்டல்னு தெரியாத மாதிரி கேக்குற. கையை ஓட்டு."

"என் கடை?"

"உன்கிட்டதான் முத்திரை குத்தின காகிதம் இருக்கே. உன்னை யாரு தொடப்போறா!"

அந்த வார்த்தை போதுமாயிருந்தது அவளுக்கு. கீழே கரையோரம் அவளுடைய நீலப் பலகைக் கடை. காப்பியும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டியும் விற்பாள். ஆலிவ் மரத்திலிருந்து விழுந்து கணவன் இடுப்பொடிந்து படுத்த நாள் முதல், கோடையில் இந்தக் கடை ஓடினால்தான் பனிக்காலத்தில் வீட்டில் அடுப்பெரியும். முட்டைக் காலத்தில் கடையின் ஒற்றை விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிவைப்பாள். வெள்ளை வெளிச்சம் ஆமைக்குஞ்சுகளைக் கடலுக்குப் போகவிடாமல் திசை திருப்பிவிடும். ஓட்டல்காரர்களுக்கும் அது தெரியும்.

தட்டிக்குப் பின்னால் ஒரு புல்டோசர் நின்றது. மணல் நிரவ வந்திருக்கும் என்று நினைத்து, அதன் டிரைவருக்கும் ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினோரு மணிக்குள் வேலை முடிந்தது. சுவரில் ஒரு விரற்கடை கூட வெளியே தெரியவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். கூடவே ஏதென்ஸிலிருந்து ஓர் அதிகாரி. முட்டைக்குழிகளைச் சுற்றி நட்டிருந்த மூங்கில் சட்டங்களைக் குனிந்து குனிந்து படமெடுத்தார்கள். தெயோனியும் அவர்கள் பின்னாலேயே தண்ணீரோரம் வரை போனாள். அங்கிருந்துதான் தன் வேலையை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். மணல்மேடு. நாணல். இரண்டுக்கும் கீழே, கண்ணுக்கெட்டிய கரையில் ஒரே ஒரு கட்டடம். நீலம்.

"மிச்சம் இருக்குற ஆக்கிரமிப்பு இது ஒண்ணுதான்" என்றார் அதிகாரி, வந்தவர்களிடம் கடையைக் காட்டி. "உங்க முன்னாடியே எடுத்துடறோம்."

தெயோனி ஓடிப்போய்க் காகிதத்தைக் கொண்டுவந்தாள். அவர் அதை வாங்கி ஒரு பார்வை பார்த்தார்.

"இது நகராட்சி கொடுத்தது. கரை நகராட்சிக்குச் சொந்தமில்லம்மா."

"பதினாறு வருஷமா வாடகை வாங்குனப்ப மட்டும் சொந்தமா இருந்துச்சாக்கும்! அண்ணே, நீயாவது சொல்லேன்!"

பந்தெலிஸ் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வந்தவர்களில் உயரமான பெண் மட்டும், "இவங்களுக்கு வேற இடம் தருவீங்கள்ல?" என்று கேட்டாள். "கண்டிப்பா" என்றார் அதிகாரி. அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

டிரைவர் இறங்கி வந்து, "அக்கா, மன்னிச்சுடுங்க. கேஸ் சிலிண்டரை எடுத்துக்குங்க" என்றான். எடுத்துக்கொண்டாள். இடிப்பதற்கு முன் ஒரு படம், இடித்த பின் ஒரு படம். நடுவில் நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

கார்கள் போனதும் பந்தெலிஸ் வந்தான். முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"தங்கச்சி... தட்டியை அவிழ்த்துடணுமாம். ஓட்டல்ல தங்கியிருக்கறவங்களுக்குக் கடல் தெரியலியாம். நீ கட்டுன முடிச்சு உனக்குத்தான் வசதி."

"அதுக்கும் என் கைதானா?"

இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோக அவளுக்கு இந்தக் கூலியை விட்டால் வேறில்லை. ஏணியைத் தூக்கினாள்.

கடைசித் தட்டி இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடை நின்ற இடத்தில் மணலை நிரவி, ஓட்டல் ஆட்கள் சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உடைந்த பலகைகளுக்கிடையே அவளுடைய விளக்கு உடையாமல் கிடந்தது, சிவப்புக் காகிதத்தோடு. எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மேலே ஓட்டலின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வெள்ளை வெளிச்சம் மேட்டிலிருந்து இறங்கி, மூங்கில் சட்டங்கள் வரைக்கும் வந்து விழுந்தது.