ஏறியவர் கேட்கவில்லை

காலை பத்து மணி பதினேழு நிமிடத்துக்கு அவள் சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"செல்போன் டவர் கன்ட்ரோல் ரூம். பத்தாயிரமாவது டவர். பக்கத்துல போற மின்சார லைனை இறக்கணும், கரண்டை நிறுத்தணும்."

"டிவியில காட்டறாங்களே, அதா?"

"அதேதான்."

"நம்மளையும் காட்டுவாங்களாம்மா?"

"லைனை இறக்குறவரை யாரு காட்டப்போறாங்க? ஏறுறவரைத்தான் காட்டுவாங்க."

அந்த ஆள் சிரித்தார். கனமான விசை ஒன்று விழும் சத்தம் கேட்டது.

"இறக்கியாச்சு. நம்பர் நாப்பத்தொண்ணு. பதினொண்ணே கால் வரைக்கும்தான். அந்த லைன்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, எவ்வளவு நேரம்தான் ஜெனரேட்டர்ல ஓட்டுவாங்க? பதினொண்ணே காலுக்கு நானே கூப்பிடுவேன். நாப்பத்தொண்ணு முடிஞ்சதுன்னு நீங்க சொன்னாத்தான் திரும்பப் போடுவேன். கேக்காம போடமாட்டேன்."

"கேட்டுச் செய்யறவங்களை எனக்குப் பிடிக்கும்," என்றாள்.

பதிவேட்டில் நாலு கட்டங்கள். டவர் எண். இறக்கிய நேரம். அனுமதி எண். ஏறுபவருக்குச் சொன்ன நேரம். மூன்றை நிரப்பினாள். பேனாவை மூடி வைத்தாள்.

சுவர் முழுக்க நாட்டின் வரைபடம். ஓடும் டவர் பச்சைப் புள்ளி, ஓடாதது சிவப்பு. ஆறு வருஷத்துக்கு முன் அவள் இந்த நாற்காலிக்கு வந்தபோது புள்ளிகளை ஒரு மத்தியானத்தில் எண்ணிவிடலாம். இப்போது மலை, ஆற்றுப்படுகை, எல்லைக்கோடு எதுவும் பாக்கியில்லை. அம்மை போட்ட உடம்பு மாதிரி இருந்தது நாடு. தெற்கு ஓரத்தில் ஒரே ஒரு சிவப்பு. அதுதான் பத்தாயிரமாவது.

அறுநூற்றுப் பதினாலாவது டவர் வரைபடத்தின் நடுவில் இருந்தது. ஆறு வருஷமாக ஒரு நாள்கூட அது சிவப்பானதில்லை. அதன் மேலும் அவளுக்குக் கோபம்தான்.

"அக்கா, ஆரம்பிச்சிட்டாங்க," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. மூலையில் இருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "பாரு, புது பெல்ட்டு, புது ஹெல்மெட்டு. மாப்பிள்ளை மாதிரி வந்திருக்காரு."

டவருக்கு அடியில் கம்பெனியின் வட்டாரத் தலைவர் கையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் 'பச்சை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததில்லை. யார் எந்தச் சிக்கலோடு போய் நின்றாலும், "கதை வேண்டாம், எனக்குப் பச்சை வேணும்," என்பார். அதில் ஒட்டிக்கொண்டது. பச்சோந்திகூட நிறம் மாறும், நம்ம சார் மாறமாட்டார் என்று கன்ட்ரோல் ரூமில் சொல்வார்கள்.

பெல்ட் எல்லாம் நைந்துபோச்சு, ஏறமாட்டோம் என்று ஏறுபவர்கள் போன வாரம் உட்கார்ந்துவிட்டார்கள். புது பெல்ட் வாங்கித் தருவதைவிட அவர்களை வெட்கப்பட வைப்பது சுலபம் என்று பச்சைக்குத் தோன்றியது. "நானும் ஏறி வந்தவன்தான். கடைசி டிஷ்ஷை நானே மாட்டறேன்," என்றார். கேமராக்காரர்களைக் கூப்பிட்டார்.

செய்தி வந்த அன்றே அவள் தன் மத்தியான முறையைக் கொடுத்துவிட்டுக் காலை முறையை வாங்கிக்கொண்டாள். காரணம் கேட்டதற்குப் பல்வலி என்றாள்.

அவள் கணவனுக்கும் பட்டப்பெயர் உண்டு. 'வரட்டுமா'. கிளம்பும்போது வரட்டுமா என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். பதில் வரும்வரை வாசலிலேயே நிற்பவன் அவன் ஒருவன்தான். அவள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது தடவை அவன் குரலில் ஒரு கெஞ்சல் வரும். அதைக் கேட்கத்தான். தட்டில் கை வைத்துக்கொண்டே சாப்பிடட்டுமா என்பான். "இல்ல, போட்டோ எடுத்துச் சுவத்துல மாட்டு," என்பாள். மாமியாரும் சேர்ந்து சிரிப்பாள். "வயித்துக்குள்ள இருக்கும்போதே வெளிய வரட்டுமான்னு கேட்டிருப்பான். நான்தான் கவனிக்கல. பத்து நாள் தாமதமாப் பொறந்தான்."

அறுநூற்றுப் பதினாலில் அவன் டிஷ்ஷை மேலே இழுத்தபோது அதன் குழாய் மின்சார லைனைத் தொட்டது. லைனில் மின்சாரம் இருந்தது. அன்று கன்ட்ரோல் ரூமில் அவனுக்கு அனுமதி சொல்ல வேண்டிய நாற்காலியில், அப்போது அந்த ரூமுக்குப் பொறுப்பாளராக இருந்த பச்சை உட்கார்ந்திருந்தார். இதே நாற்காலி.

விசாரணையில் பச்சை சொன்னது பதிவேட்டில் இரண்டு வார்த்தையாக நின்றது. *ஏறியவர் கேட்கவில்லை.* கேட்பவன் அடியில் நின்று கேட்டிருப்பான், இவன் கிடந்த நிலையைப் பார்த்தால் உச்சியில் இருந்திருக்கிறான், கேட்காமல் ஏறினதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா என்றார். அவனுடைய போன் அவனோடு விழுந்து தூளாகியிருந்தது. கீழே கயிறு பிடித்தவன் பிணவறை வாசலில் அவள் காதோரம் வந்து, "அண்ணி, அண்ணன் கேட்டாரு. என் காதால கேட்டேன்," என்றான். விசாரணையில் அவன் காது கேட்கவில்லை. அடுத்த மாதம் பச்சையின் கார் ஓட்டப் போனான்.

அவளுக்கு வேலை கொடுத்தார்கள். உத்தரவில் பச்சையின் கையெழுத்து. சேர்ந்த நாளன்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: கேக்காம ஏறினான்ல, அவன் பொண்டாட்டி.

மாமியார் அதற்குப் பிறகு சிரித்ததில்லை. வீட்டில் யாரும் எதையும் கேட்டுச் செய்வதில்லை. வருகிறார்கள், போகிறார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு கம்பெனி இரண்டு விதி போட்டது. சப்ஸ்டேஷன் தரும் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஏறுபவரோடு பேசும் பேச்சு முழுவதும் பதிவாக வேண்டும். அவன் அவளுக்கு விட்டுப்போன சொத்து அவை இரண்டும்தான்.

பத்து நாற்பத்தாறுக்கு மேஜை போன் அடித்தது. பதிவு விளக்கு எரிந்தது.

"கன்ட்ரோல்."

"ஆங், நான்தான். இறக்கியாச்சா?"

"யார் பேசறது சார்?"

"யாரா? டிவியைப் பாரும்மா!" பின்னால் காற்று அடித்தது. காதில் மாட்டிய போனில் பேசிக்கொண்டே ஏறுகிறார்.

"விதி சார். பேரு, பதவி, நிக்கிற இடம்."

பெயரையும் பதவியையும் சலிப்போடு சொன்னார். "இடம் நடு மேடை."

அவள் டிவியைப் பார்த்தாள். நடு மேடை எப்போதோ கீழே போயிருந்தது. கேமராவுக்கு முகம் தெரிய வேண்டும் என்று இன்னும் இருபது படி ஏறியிருந்தார். தோளுக்கும் லைனுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான்.

"அடியிலிருந்தில்ல சார் கேக்கணும்?"

"அடியில சிக்னல் ஏது? இந்த டவர் ஓடினாத்தானே அங்க சிக்னல் வரும். ஏற அனுமதி கேக்கணும்னாலும் ஏறித்தான் கேக்கணும். ஏறினவங்க எல்லாருக்கும் தெரியும். நீ புதுசா?"

"ஆறு வருஷம் சார்."

"அப்ப இதுகூடத் தெரியலையா? சரி சொல்லு. இறக்கியாச்சா?"

"ஒருத்தர் மேல நிக்கறதாலயே கேக்காம ஏறினாருன்னு ஆயிடாது. அப்படித்தானே சார்?"

"ஆகாது. என்ன பேச்சு இது?"

"விசாரணையில நீங்க வேற மாதிரி சொன்னீங்க. அறுநூத்திப் பதினாலு."

டிவியில் அடுத்த படிக்குப் போன கை அப்படியே நின்றது. பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"யாரு நீ?"

"வரட்டுமா வீட்டுக்காரி."

பச்சை தலையை மெதுவாகத் திருப்பி லைனைப் பார்த்தார். மூன்று கம்பிகள். ஓடுகிற கம்பிக்கும் ஓடாத கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது.

"இறக்கியாச்சுல்ல?" குரல் இறங்கியிருந்தது.

"நான் இன்னும் சொல்லல சார்."

"விளையாடாத. கீழ மொத்த கம்பெனியும் நிக்குது. வேலை போயிடும்."

"போகட்டும் சார். போகட்டுமான்னு கேட்டவரே போயிட்டாரு."

"நான் கட் பண்ணிட்டு வேற ஆளைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க. அனுமதி நம்பர் வந்திருந்தா என் நோட்டுலதான் இருக்கும். மத்தவங்ககிட்ட உங்க ஜோக்கு மட்டும்தான் இருக்கு."

அவர் கட் பண்ணவில்லை. இடது கால் ஒரு படி கீழே தேடியது. அவர் பெல்ட்டிலிருந்து தொங்கிய டிஷ் கயிறு காற்றில் ஆடி லைன் பக்கம் போய் வந்தது. காலைத் திரும்ப மேலே வைத்துக்கொண்டார். கீழே நின்றவர்கள் இதையும் காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். சத்தம் குறைத்த டிவியில் கைகள் மட்டும் தெரிந்தன.

"அக்கா," என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. குரல் வெளியே வரவில்லை. பதிவேட்டில் இருந்த நாற்பத்தொன்றைப் பார்த்தாள். காலியான நாலாவது கட்டத்தைப் பார்த்தாள். "அக்கா, இறக்கித்தானே இருக்கு? சொல்லிடேன்."

அவள் உள்ளங்கையைப் பதிவேட்டின் மேல் வைத்து மூடினாள்.

"சார். என் வீட்டுக்காரர் கேட்டாரா இல்லையா?"

"அது முடிஞ்சுபோன விஷயம்மா."

"எங்க வீட்டுல முடியல."

"நான் இறங்கி வந்து பேசறேன். சத்தியமா வந்து பேசறேன்."

"கீழ இருந்து நீங்க பேசினதை விசாரணையில கேட்டாச்சு சார். மேல இருந்து பேசுங்க. எனக்கு அவசரமில்ல."

மணி பத்து ஐம்பத்தெட்டு. அவர் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார். புது பெல்ட் நன்றாகப் பிடித்திருந்தது. விழமாட்டார். ஹெல்மெட்டுக்குக் கீழே கழுத்து நனைந்திருப்பதை கேமரா கிட்டத்தில் போய்க் காட்டியது. வெயில் என்று செய்தி வாசிப்பவள் சொல்லியிருப்பாள்.

அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஆறு வருஷம் தினமும் நினைத்திருந்தாள். சந்தோஷம் இல்லை. பசித்தவனுக்குச் சோறு தெரிகிற தூரத்தில் வைத்த மாதிரி, இன்னும் இன்னும் என்று இருந்தது.

பதினொன்று ஐந்துக்கு அவர் சொன்னார்.

"கேட்டான்."

"என்ன கேட்டாரு?"

"ஏறட்டுமான்னு கேட்டான்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவை அவன் குரல் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது இந்த மனுஷன் காதில் விழுந்திருக்கிறது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இறக்கியாச்சுன்னு சொன்னேன்."

"இறக்கியிருந்ததா?"

"சப்ஸ்டேஷன்ல போன் எடுக்கல. மூணு முறை அடிச்சேன். பன்னெண்டு மணிக்குப் பச்சை ஆகணும்னு மேலிடத்துல... கம்பி தள்ளித்தான் இருக்கு, ஜாக்கிரதையான பையன், ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"கயிறு பிடிச்சவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொல்லவேண்டாம்னேன்."

பதிவு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக வேண்டியது முழுசாகக் கையில் வந்துவிட்டது. இன்று சாயங்காலம் அதை மாமியாருக்குப் போட்டுக் காட்டலாம். நாளைக்கு விசாரணை அறையில் போடலாம். இனி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் இறங்கிவிடுவார். இறங்கி, தண்ணீர் குடித்து, வக்கீலைக் கூப்பிடுவார்.

அவள் பேனாவைத் திறந்தாள். நாலாவது கட்டத்துக்கு மேல் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டேன்ல," என்றார் பச்சை. "இறங்கட்டுமா?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

"அம்மா. கேக்குதா? இறங்கட்டுமா?"

அடுப்பைப் பார்ப்பதுபோல் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் கயிறு இன்னொரு தடவை லைனைத் தொடப் போய்த் திரும்பியது. பேனா முனையில் இருந்து மை ஒரு பொட்டாக இறங்கி, காலிக் கட்டத்தில் ஊறியது. பதினொன்று பன்னிரண்டு. பதினொன்று பதினாலு. கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு பச்சை மூன்றாவது தடவை கேட்டார். அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது.

இரண்டாவது போன் அடித்தது. பக்கத்து நாற்காலிக்காரி கை நீட்டினாள். அவள் முந்திக்கொண்டு எடுத்தாள். ஒரு காதில் காற்று. இன்னொரு காதில் சப்ஸ்டேஷன்காரர்.

"பதினொண்ணே கால் ஆச்சும்மா. ஆஸ்பத்திரிக்காரங்க உயிரை எடுக்கறாங்க. நாப்பத்தொண்ணு முடிஞ்சுதா? லைனைப் போடட்டுமா?"