அவிழ்ந்து கிடந்த நூல்

ஜெர்மனியில், ஆஹென் நகரில், தமிழ்நாட்டு மாணவன் சேதுராமனின் அறைக்கு நாங்கள் போய்வந்தது அவனுடைய கட்டடக்கலைப் படிப்பைப் பார்க்க அல்ல. அவனிடம் டெலிபோன் இருந்தது. கலாதேவியின் புருசன் மகேந்திரராஜாவை இலங்கையில் ஆமி பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, அவள் ஞாயிறு தவறாமல் கொழும்பு அழைப்புக்காக அங்கே காத்திருப்பாள். துணைக்கு நான்.

பரீட்சைக்கு அவன் செய்த மாடல் பாதி அறையை அடைத்து நின்றது. காஷ்மீரில் ஓர் ஆற்றங்கரைத் தர்கா. தேவதாரு மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய சுவர், தட்டுத்தட்டாகக் கூம்பும் கூரை, உச்சியில் ஊசிக்கோபுரம்.

"மூணு தடவை எரிஞ்சிருக்கு அண்ணே. மூணு தடவையும் மரத்துலயே கட்டியிருக்காங்க," என்றான் சேதுராமன்.

"எரிஞ்ச சாமானையே திருப்பித் திருப்பி வாங்கிற ஆக்களை நான் யாழ்ப்பாணம் பெரியகடையிலயும் காணேல்லை," என்றேன்.

"இந்த ஜன்னல் கிராதியில நூல் கட்டி வேண்டிக்குவாங்க. நடந்துட்டா முடிச்சை அவிழ்ப்பாங்க. அதுவரைக்கும் யாரும் தொடமாட்டாங்க."

அதைக் கலாதேவியின் முன்னால் சொல்லியிருக்கக்கூடாது. சேலைக் கரையிலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி, மாடலின் ஜன்னலில் கட்டிவிட்டாள்.

"பிள்ளை, இது விளையாட்டுச் சாமான். இதுக்குள்ள அவுலியா, மகான் ஒருத்தரும் இருக்க ஏலாது."

"சாணியில பிடிச்சாலும் பிள்ளையார் பிள்ளையார்தானே அண்ணை?"

பேரம் பேசியே வளர்ந்த நான் அவள் சொன்ன விலைக்கே விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு சேதுராமன் வாசலிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினான். முகம் சரியில்லை. கலாதேவி எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

"புரொபசர் மாடல் பார்க்க வந்தார் அண்ணே. நூலை எடுன்னுட்டார். புருஷனுக்காகக் கட்டினதைக் கத்திரியால வெட்ட மனசு வரலை. ஊசியால மெதுவா அவிழ்த்தேன். திரும்பக் கட்டுறதுக்குள்ள..."

உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஓடினோம்.

நூல் மாடலின் வாசற்படியில் முழுசாகக் கிடந்தது, முடிச்சின் நெளிவோடு.

"அண்ணை, ஒருத்தரும் அறுக்கேல்லை! அவிழ்ந்திருக்கு! அவர் வாறார்!"

"அக்கா, அது வந்து..." என்று சேதுராமன் இழுத்தான்.

அவள் கேட்கவில்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு ரயில் என்றாள். கைப்பையில் கிடந்த குங்குமத்தை எடுத்து, அவனுடைய சவரக் கண்ணாடியில் பார்த்துப் பெரிதாகப் பொட்டு வைத்தாள். இங்கே வந்தபிறகு நான் காணாத பொட்டு.

டெலிபோன் அடித்தது. சேதுராமன் அசையவில்லை.

"நீங்களே எடுங்கோ அண்ணை. என்ர கை முழுக்கக் குங்குமம்."

எடுத்தேன். கொழும்பிலிருந்து மகேந்திரராஜாவின் தமையன். சுகம் விசாரிக்கவில்லை.

"கலா பக்கத்தில நிக்கிறாவோ?"

"ஓம்."

"அப்ப கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்கோ."

தள்ளிப் போக வயரின் நீளம் காணாது. கலாதேவி என் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.