கார்டுல இல்லாத ஆள்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும்னு எல்லாரும் சொல்வாங்க. வரும்தான். அதை ஒளிச்சு வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனா அந்த கார்டைப் பார்த்த அன்னைக்கு வந்தது வெறும் கோபம் இல்ல. அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயசுல, சலூன் நாற்காலியில உட்கார்ந்துட்டு, எதிர்க்க இருந்த கண்ணாடியில என் மூஞ்சியையே பார்த்துட்டு அழுதேன்.

நான் என்ன பண்றவள்னு முதல்ல சொல்லிடறேன். வாரத்துல ஆறு நாள் ஒரு பெரிய சலவை நிலையத்துல வேலை. ஆஸ்பத்திரிலேர்ந்தும் ஹோட்டல்லேர்ந்தும் வர்ற படுக்கை விரிப்பை இஸ்திரி உருளைக்குள்ள விட்டு, அந்தப் பக்கம் வர்றதை மடிச்சு அடுக்கணும். ஏழாவது நாள் பந்தயம். மூணு சக்கரப் பந்தய வண்டி. மோட்டார் சைக்கிளுக்கு இடது பக்கம் ஒரு பலகை, பலகைக்கு வெளியில மூணாவது சக்கரம். மோட்டார் சைக்கிளை ஓட்டுறது என் தம்பி. பலகையில நான்.

சும்மா உட்கார்ந்துட்டு வேடிக்கை பார்க்கிற வேலைன்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பலகையில உட்காரவே இடம் கிடையாது. இடது பக்க வளைவு வந்தா ஒரு கையால கைப்பிடியைப் பிடிச்சுட்டு மொத்த உடம்பையும் வெளியில தொங்கவிடணும். தோள் ரோட்டுல உரசும். வலது பக்க வளைவு வந்தா ஒரே தாவுல தம்பி முதுகுக்குப் பின்னால போய் அந்தப் பக்கம் சாயணும். நான் கண் மூடித் திறக்கிற நேரம் பிந்தினாலும் வண்டி குப்புறப் போயிடும். ஆறு வருஷமா இதைத்தான் பண்றோம். ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கோம்.

தம்பிக்கு வீட்ல 'அவசரம்'னு பேரு. எட்டாம் மாசத்துலயே பிறந்து வந்து நின்னவன். என் வீட்டுக்காரர் நேர் எதிர். முடி வெட்டுற கடை வச்சிருக்கார், ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்குவார். அவருக்கு ஒரே பைத்தியம் பந்தய கார்டு. உள்ளங்கை அளவு அட்டை, முன்பக்கம் வீரர் படம், பின்பக்கம் அவரைப் பத்தி நாலு வரி. பாக்கெட்டுக்கு அஞ்சு கார்டு இருக்கும், உள்ள யார் இருக்காங்கன்னு பிரிச்சாத்தான் தெரியும். ரெண்டாயிரத்துக்கு மேல வச்சிருக்கார். ஒவ்வொருத்தரும் என்ன செஞ்சாங்கன்னு சவரம் பண்ணிக்கிட்டே கதை சொல்வார். கழுத்துல கத்தி இருக்கிறதால வந்தவங்களும் மரியாதையாக் கேட்டுக்குவாங்க.

இந்த வருஷம்தான் முதல் முறையா மூணு சக்கர வண்டிகளையும் கார்டுல போட்டாங்க. என் கார்டு வரணும்னு அவர் ஆறு வருஷமா வாய் திறந்து சொல்லாம காத்திருந்தவர். ஒரு பெட்டி நிறைய வாங்கிட்டு வந்து, கடையைச் சாத்திட்டு, என்னை நாற்காலியில உட்கார வச்சு ஒவ்வொண்ணாப் பிரிச்சார். முப்பத்தி ஏழாவது பாக்கெட்டுல எங்க வண்டி வந்தது. கார்டை என் கையில கொடுத்துட்டுத் தரையில கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பிச்சார்.

படத்துல தம்பி இருக்கான். வண்டி இருக்கு. பலகை காலி. பின்பக்கம் திருப்பினா, 'வளைவுகளைத் தனி ஒருவனாக வெல்லும் வீரன்'னு போட்டிருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைன்னு சொல்வாங்களே, நான் பூசணிக்காய் அளவுதான் இருக்கேன், என்னை எப்படி மறைச்சாங்க?

தம்பியும் வந்தான், சட்டைப் பையில அதே கார்டை வச்சுக்கிட்டு. படம் எடுத்தவர் நிழல் இருக்குன்னு வளைவுக்கு வெளிப்பக்கம் நின்னுட்டார், நான் வண்டிக்கு அந்தப் பக்கம் தொங்கிட்டு இருந்ததால மறைஞ்சுட்டேன்னு விளக்கம் சொன்னான். விட்டுடுக்கா, எல்லாருக்கும்தான் தெரியுமேன்னான். யாருக்குத் தெரியும்னு கேட்டேன். அவன் முகத்துல வருத்தம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனா பையில இருந்த கார்டை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கிட்டான், அதையும் நான் கவனிச்சேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுட்டு அந்த கார்டு கம்பெனிக்குப் போனேன். மேலாளர் நல்லாத்தான் உட்கார வச்சார். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி இருந்த படத்தைக் கம்ப்யூட்டர்ல எடுத்துக் காட்டினார். அதுல நான் இருந்தேன். முழுசா இல்ல, கைப்பிடியில நாலு விரல், சிவப்புக் கையுறை. வண்டியில ஏதோ துணி சிக்கியிருக்குன்னு நினைச்சு, பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு அழிச்சிட்டோம்னார். அது துணி இல்ல சார், நான்தான்னு சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்பார்னு நினைச்சேன். கேட்டார். ஆனா கேட்டு முடிக்கிறதுக்குள்ள அவர் முகத்துல வெளிச்சம் வந்துடுச்சு. இது நமக்கு நல்லதுதான் மேடம்னு ஆரம்பிச்சார். திருத்தின கார்டு புதுசா அடிச்சுடலாம், அப்ப பழசு 'தப்பு கார்டு' ஆயிடும், தப்பு கார்டுக்குத்தான் மவுசு, தேடித் தேடி வாங்குவாங்க, உங்க பேரும் நாலு இடத்துல அடிபடும்னார். குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சதாம். ஞாயித்துக்கிழமை பந்தய மைதானத்துல இந்த வருஷ கார்டுக்கு வெளியீட்டு விழா, ஒரு சுத்து ஓட்டிக் காட்டிட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வரணும்னு டீ வேற கொடுத்தார். நான் குடிக்கல.

கடைக்குப் போய் வீட்டுக்காரர்கிட்ட அத்தனையையும் கொட்டினேன். நீங்களாவது அந்த ஆள் சொல்றது பொய்னு சொல்லுங்கன்னு கேட்டேன். அவருக்குப் பொய் வராது, அதான் அவர்கிட்ட இருக்கிற ஒரே கஷ்டம். நிஜம்தான்னார். தப்பா அச்சான கார்டைத்தான் கண்ணாடிக்குள்ள வச்சுப் பூட்டுவாங்க, திருத்தினதை யாரும் சீண்ட மாட்டாங்கன்னார். அப்ப காலத்துக்கும் நான் இல்லாத கார்டுதான் பொக்கிஷமான்னு கத்திட்டேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழ வச்சார். ஆல்பத்துலேர்ந்து மூலை மடங்கின பழைய கார்டு ஒண்ணை எடுத்தார்.

"இவர் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கல. எரிஞ்சிட்டிருந்த வண்டிக்குள்ள கையை விட்டு, போட்டிக்கு வந்தவனை இழுத்து வெளியில போட்டார். நான் அன்னைக்கு அங்க இருந்தேன். இருந்த அத்தனை பேரும் அடுத்த வாரமே இந்த கார்டைத் தேடி அலைஞ்சோம். அட்டையில என்னம்மா இருக்கு? அவர் செஞ்சதை நாம கண்ணால பார்த்தோம், அதைக் கையில வச்சுக்கத்தான் கார்டு. நீ செய்யறதை இங்க யாரும் சரியாப் பார்த்ததே இல்ல. அதனாலதான் உன் விரல் அவங்களுக்குத் துணியாத் தெரிஞ்சிருக்கு."

அடுத்த நாள் பூரா விரிப்பை மடிச்சுக்கிட்டே அதையே யோசிச்சேன். மூணு விரிப்பைத் தலைகீழா மடிச்சு மேஸ்திரிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். சாயந்தரம் தம்பியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஞாயித்துக்கிழமை நான் ஏற மாட்டேன், கார்டுல இருக்கிற மாதிரியே நீ தனியா ஓட்டுன்னேன்.

அவன் ஆடிப் போயிட்டான். பந்தயத்துல அப்படி ஓட்ட விடவே மாட்டாங்க, இது வெறும் காட்சி ஓட்டம்னாலும் அந்த முதல் வளைவுல வண்டி தூக்கிடும், அத்தனை ஜனத்துக்கு முன்னாடி மானம் கப்பலேறும்னான். கப்பலேறட்டும்னு சொன்னேன். ஆறு வருஷம் உன் உயிரை என் உடம்பால பிடிச்சு வச்சிருக்கேன், கார்டுல பார்த்தா நான் ஒப்புக்குச் சப்பாணிகூட இல்லையேடான்னு கேட்டேன். இன்னும் என்னென்னவோ வாய்க்கு வந்தபடி சொன்னேன். அவன் எழுந்து போயிட்டான். மூணு நாள் போனை எடுக்கல.

எனக்குப் பாவமாத்தான் இருந்தது. அவன் ஒண்ணும் தப்புப் பண்ணல, அவமானப்படப் போறது மட்டும் அவன். ஆனாலும் நான் இறங்கி வரல. இப்ப விட்டா அப்புறம் எப்பவும் கிடையாதுன்னு தெரியும்.

சனிக்கிழமை காலையில வந்தான். வாசல்ல வண்டியை நிறுத்தி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டான். கவிழ்ந்தா அம்மாகிட்ட நீதான் சொல்லணும்னான். சைக்கிள் வேகத்துக்கு மேல போகாதேடான்னு கெஞ்சினேன். தலையை ஆட்டினான். அவன் ஆட்டின விதம் எனக்குப் பிடிக்கல.

ஞாயித்துக்கிழமை நான் தோல் உடுப்பு முழுசாப் போட்டு, ஹெல்மெட்டைக் கையில பிடிச்சுட்டு, மைதானச் சுவரோரம் நின்னேன். மேலாளர் ஓடி வந்து ஏன் ஏறலைன்னு கேட்டார். கார்டுல நான் இல்லையே சார்னு சொன்னேன். அவர் சிரிக்கிறதா வேண்டாமான்னு தெரியாம நின்னார். அதுக்குள்ள மைக்ல தம்பி பேரைச் சொல்லி, தனி ஒருவன் அது இதுன்னு அறிவிச்சுட்டாங்க. வண்டி கிளம்பிடுச்சு.

சைக்கிள் வேகமா? எங்க கேட்டான்! நேர் ரோட்டுல நிஜப் பந்தயத்துக்கு வர்ற மாதிரி வந்தான். முதல் வளைவு இடது பக்கம், ஜனம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் எதிர்க்க. திருப்பினான். மூணாவது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பிச்சு, அப்புறம் முழங்கால் உயரம். சுவரோரம் நின்ன என் உடம்பு தன்னால இடது பக்கம் சாயுது. கடைசி நொடியில அவன் ஹேண்டில்பாரை நேராக்கினான். வண்டி ரோட்டை விட்டுப் புல்லுக்குள்ள பாய்ஞ்சு, மண்ணை வாரி இறைச்சு நின்னது.

ஜனம் எழுந்து எட்டிப் பார்த்துது. அப்புறம் சிரிப்பு. ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் கார்டு போட்டிருக்காங்கன்னு எவனோ கத்தினான். எனக்கு மூஞ்சி எரிஞ்சது. என் பிடிவாதத்துக்கு அவனைப் பலி கொடுத்துட்டேன்னு நினைச்சேன்.

தம்பி இறங்கி ஹெல்மெட்டைக் கழட்டினான். பின்பக்க வழியா யார் கண்ணுலயும் படாம வந்திருக்கலாம். வரல. அந்த நேர் ரோட்டுலயே, அத்தனை ஜனத்துக்கும் முன்னாடி நடந்து வந்தான். அறிவிப்பாளர் மைக்கோட பின்னாலயே ஓடி வந்து என்ன ஆச்சுன்னு கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாம நேரா என் எதிர்ல வந்து நின்னான்.

"ஏறுக்கா. நீ இல்லாம எனக்கு இந்த வளைவு வராது."

மைக்ல விழுந்து மைதானம் பூரா கேட்டுது. சிரிச்சவங்க சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. நான் அவசரமா ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டேன். அழறதை நாலு பேர் பார்க்கணுமா என்ன?

ரெண்டு பேருமா ஓடிப் போய் வண்டியைப் புல்லுலேர்ந்து தள்ளி வெளியில எடுத்தோம். சுத்தி வந்தோம். அதே வளைவு, அதே வேகம். நான் வெளியில தொங்கினேன், தோள் ரோட்டுல உரசிச்சு, சக்கரம் தரையை விட்டு அசையல. அடுத்த சுத்துல பார்த்தா ஜனம் உட்கார்ந்த இடத்தை விட்டுட்டு வேலியோரம் வந்து நிக்குது. நான் எங்கேர்ந்து எங்க தாவுறேன்னு பார்க்க ஒருத்தரை ஒருத்தர் தள்ளிக்கிட்டாங்க. ஒரு சுத்துக்குத்தான் அனுமதி, நாலு சுத்து ஓட்டினோம். கொடி காட்டுறவரும் கொடியைக் கீழ போட்டுட்டுப் பார்த்துக்கிட்டு நின்னாராம், வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார்.

இறங்கினப்ப கார்டோட ஒரு கூட்டம். அந்தம்மா இதுல எங்கன்னு தம்பிகிட்ட கேட்டாங்க. வாசல்ல கார்டு கம்பெனி போட்டிருக்கிற கடையில போய்க் கேளுங்கன்னு கை காட்டினான். கேட்டிருக்காங்க. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, அந்தம்மா இருக்கிற கார்டுதான் வேணும்னு சண்டையே போட்டிருக்காங்க. மேலாளர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். தப்பு கார்டு, மவுசு, ஒரு பேச்சும் இல்ல. விக்காம இருக்கிறதை எல்லாம் எடுத்துடறோம், புதுசா அடிக்கிறோம், இன்னைக்கே படம் எடுத்துடலாம்னார்.

வித்தது அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். அதை வச்சிருக்கிறவங்க இன்னைக்கு என்னைப் பார்த்துட்டாங்க, இனி அந்தக் காலிப் பலகை அவங்களுக்குக் காலியாத் தெரியாது.

படம் எடுக்கிறவர் வந்தார். அதே ஆள்தான், தலையைக் குனிஞ்சுட்டே வந்தார். எங்க நிக்கட்டும்னு கேட்டார். வளைவோட உள்பக்கம் கூட்டிட்டுப் போய், புல்லுல குப்புறப் படுங்கன்னு இடம் காட்டினேன். நல்ல வெயில். முனகாமப் படுத்தார். கேமராவைச் சரி பண்ணிட்டு, கொஞ்சம் மெதுவா வர முடியுமா மேடம், அப்பத்தான் முகம் தெளிவா விழும்னு கேட்டார்.

தம்பி சிரிச்சுட்டான். எனக்கு அதுவரைக்கும் இருந்த கோபமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. குனிஞ்சு அவருக்குப் பொறுமையாவே சொன்னேன்.

"மெதுவாப் போற வண்டிக்கு நான் எதுக்குங்க? நாங்க வேகமாத்தான் வருவோம். நீங்க பிடிச்சுக்கோங்க."