உள்ளேன், சிஸ்டர்

பெரியவர்களுக்கான ரத்தநோய் வார்டில் தினமும் காலை ஏழு மணிக்கு ரத்தத்துக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். புஷ்பம் சிஸ்டர் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தலையணைத் தடிமனுள்ள பதிவேட்டைத் திறந்து பெயர் வாசிப்பார். வந்திருக்கும் தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட்டுகள், நோயாளியின் கைத்தோலுக்கு அடியிலிருந்து “உள்ளேன், சிஸ்டர்” என்று சொல்லும். பதில் வராத பெயருக்கு ஒரு சுழி. ஒன்றரை லட்சம் பெயரையும் முடிக்க எட்டே முக்கால் ஆகிவிடும். சிஸ்டர் வேகமாக வாசிப்பார்.

எங்கள் அப்பா தேவஇரக்கத்துக்கு எட்டாயிரம் பேர்தான் பதில் சொன்னார்கள்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தில் முழங்கால் லேசாக இடித்ததற்கு இடுப்புவரை நீலம் ஏறியதால் வார்டில் சேர்த்திருந்தோம். பல் துலக்கினால் டம்ளர் தண்ணீர் ரோஸ் நிறமாகும். மூக்கிலிருந்து வந்தால் ஒரு துண்டு போதாது.

டாக்டர் கோமதிநாயகம் வந்து விளக்கினார்.

“ஒங்க பிளேட்லெட்டு மேல குத்தம் சொல்ல முடியாது அண்ணாச்சி. ஒழுங்காத்தான் வேலைக்குக் கெளம்புது. வழியில மண்ணீரல் புடிச்சு உக்கார வச்சிருது.”

“எதுக்காம்?” என்றார் அப்பா.

“நீ யாரு, எந்த ஊருன்னு விசாரிக்குது. சொந்தந்தான்னு எத்தனை தடவ சொன்னாலும் வெளங்க மாட்டேங்கு.”

மாத்திரை போய்ப் பேசிப் பார்த்திருந்தது. ஊசியும் பேசிப் பார்த்திருந்தது. இனி மண்ணீரலை எடுத்துவிட வேண்டியதுதான், வியாழக்கிழமை எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஐம்பதாயிரம் பேராவது ஆஜராகாமல் கத்தி வைக்க முடியாது. வைத்தால் ரத்தம் நிற்காது.

“எடுக்கலேன்னா?” என்றாள் அம்மா.

“அடுத்த தடவ மூக்குல வந்தா, அது நிக்காது.”

அம்மா துண்டுகளை மடித்து வைத்தாள்.

நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஒரே காலையில் வராத பதினோரு பேருக்குக் குரல் மாற்றி ப்ராக்ஸி கொடுத்திருக்கிறேன், அதில் இரண்டு பேர் பையன்கள். புதன்கிழமை ஏழு மணிக்கு அப்பாவின் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

“தே. அமலன்,” என்று வாசித்தார் சிஸ்டர். கையிலிருந்து சத்தமில்லை.

“உள்ளேன், சிஸ்டர்,” என்றேன்.

தட்டணுக்களுக்கும் அப்பா பெயர்தான் இனிஷியல். எனக்கும் அதே தே. என்பதால் விதிப்படி பெரிய தப்பில்லை.

முதல் ஆயிரம் சுலபம். சித்தப்பா, தமிழ் மேடம், கோயில் மைக்கில் அறிவிப்பு வாசிக்கிற உபதேசியார், எங்கள் ரூட் பஸ் கண்டக்டர் என்று தெரிந்தவர்கள் குரலில் சொன்னேன். பிறகு தொண்டை கட்டினவர்கள், தூக்கம் கலையாதவர்கள், ‘சிஸ்டர்’ என்பதை விழுங்கிவிடுகிறவர்கள். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே குரலை அரை விநாடி தள்ளிக் கொடுத்தேன். முப்பதாயிரத்தில் குரல் தீர்ந்தபோது, ஓர் ஆயிரம் பேரை ஊமையாக வைத்துக்கொண்டு கட்டில் காலைத் தட்டினேன்.

“ஏட்டி, மெதுவா,” என்றார் அப்பா மேலிருந்து. “சிரிச்சா ஈறு கசியுது.”

சிஸ்டர் கூட்டிப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

“அம்பதாயிரத்தி ரெண்டு. பியூலா, கொப்பளிக்க உப்புத்தண்ணி தரட்டா?”

“தாங்க சிஸ்டர்.”

“ஆஜர் சொன்னவங்க எல்லாம் நாளைக்கு எட்டு மணிக்கு வெட்டுற எடத்துல நிக்கணும். யாரு குரல்ல சொன்னாலும் சரி, சொன்ன வாயி வரணும்.”

“வாரேன் சிஸ்டர்.”

வியாழக்கிழமை எட்டு மணிக்கு, அப்பாவின் முழங்கை மடிப்பில் ஊசி போட்ட துளை வழியாக உள்ளே போனேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். எட்டாயிரம் பேர் ஏற்கெனவே வந்து நின்றார்கள். முன்னால் நின்ற ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க எத்தனை பேரு?”

“நாப்பத்திரெண்டாயிரத்தி ரெண்டு.”

“அப்போ கொஞ்சம் வெலகி நில்லுங்க. எடம் பத்தாது.”

டாக்டர் கீறினார். தட்டணுவின் வேலை அதிகமில்லை. ஓட்டையைக் கண்டால் ஒட்டிக்கொள்ள வேண்டும், பக்கத்து ஆளைக் கூப்பிட வேண்டும். எட்டாயிரம் பேரும் ஒட்டினார்கள். நானும் ஒட்டினேன். இரண்டு கை, இரண்டு கால், ஒரு கன்னம், பின்னல் என்று ஆறு பேர் இடத்தைத்தான் என்னால் அடைக்க முடிந்தது. மிச்ச இடத்தின் வழியாக அப்பா போய்க்கொண்டிருந்தார்.

வெளியே யாரோ “பிரஷர் எறங்குது சார்” என்றார்கள்.

நான் புஷ்பம் சிஸ்டரின் குரலை எடுத்தேன். அவர் இருக்கும்போது எடுப்பது மரியாதையில்லை என்று அதுவரை விட்டு வைத்திருந்த குரல்.

“தே. அமலன்.”

“உள்ளேன், சிஸ்டர்,” என்று மண்ணீரலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

வார்டில் வாசிக்கிற சத்தம் அவ்வளவு ஆழத்துக்கு எட்டியதில்லை. இப்போது எட்டியது. பெயர் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும். எழுந்து நிற்கிறவர்களை மண்ணீரலால் என்ன செய்ய முடியும், அதற்குத் தெரிந்ததெல்லாம் உட்கார வைப்பதுதான். எழுந்தவர்கள் சும்மா நிற்க வெட்கப்பட்டுக் கீறலைப் பார்த்து நடந்தார்கள். நேற்று கேட்ட வரிசையிலேயே வாசித்துக்கொண்டு போனேன். இருபத்தாறாயிரமாவது பெயரில் கசிவு நின்றது. பாதியில் விட்டால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் கடைசிவரை வாசித்தேன்.

“ஒரு பேருக்கு ரெண்டு ஆளு நிக்கப்படாது,” என்று சொல்லி அமலன் என்னைத் துளைவரை கொண்டுவந்து விட்டார்.

சனிக்கிழமை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேர் ஆஜர். அப்பா பல் துலக்கிய தண்ணீர் வெறும் தண்ணீராக இருந்தது. அம்மா டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துண்டுகளைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் இருந்த இடம் காலி என்று கேள்விப்பட்டார்களாம். அப்பா தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பிள்ளைக உண்டா?”

“இல்ல அண்ணாச்சி, நாங்க ரெண்டு பேருதான். சத்தமே இருக்காது.”

“செவத்துல ஆணி அடிக்கக் கூடாது, கேட்டியளா.”

“அடிக்க மாட்டோம்.”

அந்த அம்மாள் தையலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நல்ல காற்றோட்டம் என்றார்.

திங்கட்கிழமை காலையில் குடிவந்து பால் காய்ச்சினார்கள். அப்பாவுக்கு லேசாகச் சூடு தெரிந்தது. எங்களுக்கும் ஆளுக்கு அரை டம்ளர் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.